அக்காவின் கூரையில் சங்கும் பூவும்

அக்காவின் வீட்டுக் கூரையில் ஒரு ஓடுகூட இல்லாமல் கிடந்த அந்த வைகாசி மாதம், நான் வானத்தைப் பார்த்துப் பார்த்தே செத்தேன். நாகர்கோவிலில் என் அலுவலக ஜன்னல் வழியாக மேற்கே ஒரு துண்டு வானம் தெரியும். அதில் கொஞ்சம் கறுப்பு கண்டால் போதும், கையிலிருக்கிற வேலை ஓடாது. உடனே அக்காவுக்குப் போன் போடுவேன்.

"அங்க மழ உண்டா?"

"இல்ல மக்கா, நல்ல வெயிலு. துணி காயப் போட்டிருக்கேன்."

போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போடுவேன். பக்கத்து மேசைப் பெண், "வேல இல்லாதது ஒங்களுக்கா, ஒங்க அக்காக்கா?" என்று களியாக்கிச் சிரிப்பாள். அவளுக்கென்ன, அவள் இருப்பது காங்கிரீட் வீட்டில்.

நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவையும் அப்பாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். இரணியல் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் இன்னும் தனியாக இருக்கிறாள். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறாள். அண்ணன் அவளுக்கு இளையவன், எனக்கு மூத்தவன். கல்ஃபில் கிடந்து சம்பாதித்து வந்து, தக்கலை போகிற ரோட்டோரம் மாடி வீடு கட்டியிருக்கிறான். கடைசிப் பெண் நான், நாகர்கோவிலில் ஒரு இன்ஜினியரிடம் வீட்டு பிளான் வரைகிற வேலையில் இருக்கிறேன்.

கோடையின் தொடக்கத்தில் ஒரு நாள் மத்தியானம், அக்காவின் முன்னறையில் ஓட்டைத் தாங்கி நின்ற குறுக்குப் பட்டியல் மரம் ஒன்று முறிந்து, ஓடுகள் நேரே தையல் மெஷின்மேல் விழுந்தன. உள்ளே முழுக்கக் கரையான். அக்கா அந்நேரம் சாயா போட எழுந்து அடுக்களைக்குப் போயிருந்தாள். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை.

அண்ணன் ஓடி வந்தான். மெஷினைப் பார்த்தான், மேலே வானம் தெரிந்த ஓட்டையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"இனி ஒரு நாளும் அக்கா இஞ்ச கிடக்கப்பிடாது. இத இடிச்சித் தள்ளு. எனக்க வீட்டு மாடியில ஒரு ரூமு சும்மா கிடக்குல்லா" என்றான்.

"பட்டியல மாத்தினா போதும் அண்ணா. ஓட்டுக்கு ஒரு கேடும் இல்ல. பத்மநாபபுரத்து அரமணையே ஓட்டுக்குக் கீழதான் நிக்குது" என்றேன்.

"அரமணைக்கு ஓடு மாத்த கவர்மென்ட் இருக்கு. நமக்கு ஆரு இருக்கா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வருடம் நான் வரைந்த பிளான்களில் பாதிக்குமேல், முதலில் காங்கிரீட் வார்த்து, அதன்மேல் இரும்பு டிரஸ் நிறுத்தி, அதற்கும்மேல் பழைய ஓடு பாவுகிற வீடுகள். மாடி அறையில் சூடு தாங்காமல் வீட்டுக்காரர்கள் அலறிக்கொண்டு வருவார்கள். எங்கெங்கோ இடித்த வீடுகளின் ஓடுகள் லாரி ஏறி வந்து, அருமனைக்குப் போகிற ரோட்டோரத்தில் அடுக்கி விற்பனைக்கு நிற்கும். மற்றவர்கள் தேடி அலைந்து வாங்குகிற பொருள் எங்கள் தலைக்குமேல் இருக்கிறது, இவன் அதை இடிக்கச் சொல்கிறான். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தேன்.

அண்ணன் மறுபடியும் மேலே அந்த ஓட்டையைப் பார்த்தான். பிறகு விரலை நீட்டினான். "செரி. மாத்து. ஆனா வைகாசிப் பாதியில வாற எடவப்பாதி மழையில ஒரு சொட்டு ஒழுகிச்சின்னா வீட்ட இடிச்சிரணும். அக்கா எங்கூட வந்திரணும். பின்ன ஒருத்தரும் வாய் தொறக்கப்பிடாது."

"செரி" என்றேன் நானும், வீராப்பாக. அக்கா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

'செரி' என்று சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓட்டு வீட்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகக் கூடாதென்றால் எப்படி? தென்னை மட்டை விழும். மரநாய் ராத்திரி ஓடி ஓட்டைத் தள்ளும். காற்று திரும்பி அடித்தால் எந்தக் கூரையிலும் சாரல் ஏறும். இதெல்லாம் தெரிந்தும் தலையை ஆட்டியிருக்கிறேனே, எனக்குப் புத்தி எங்கே போயிற்று!

சித்திரை கடைசியில் வேலை தொடங்கியது. ஓட்டு மேஸ்திரியும் ஆட்களும் மேலே ஏறி, ஓடுகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். கீழே வாங்குகிற ஆள் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். 'டங்' என்றால் நல்லது. 'டப்' என்றால் எங்கோ கீறல் இருக்கிறது, தனியே வைக்க வேண்டியதுதான். முன்னறை ஓடுகளை முற்றத்தின் இந்தப் பக்கமும், அடுக்களை ஓடுகளை அந்தப் பக்கமும் நிறுத்தி அடுக்கினார்கள். முன்னறை அப்பா முதலில் கட்டியது. அடுக்களையும் அதை ஒட்டிய சாய்ப்பும் பின்னால் சேர்த்தது. இரண்டுக்கும் ஓடு வேறு வேறு கம்பெனி. மேலே இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றுபோல இருக்கும். ஆனால் அச்சு வேறு. ஒரு ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் கச்சிதமாக ஏறி உட்கார வேண்டும். இதை அதோடு சேர்த்தால் நகக்கனம் வித்தியாசம் வரும். அந்த நகக்கனத்தில்தான் மழை உள்ளே வரும்.

கூரை திறந்து கிடந்த நாட்களில் அக்காவை அண்ணன் தன் வீட்டு மாடி அறைக்குக் கூட்டிப் போயிருந்தான். ஒரு நாள் கூரை வேலையைப் பார்க்க வந்தவள் அங்கேயும் போனேன். வெயில் உச்சியில் நின்றது. மாடி ஏறினால் கதவுக்கு வெளியிலேயே முகத்தில் சூடு அடித்தது. உள்ளே அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது. கழுத்துத் துணி நனைந்து ஒட்டியிருந்தது. மேலே ஃபேன் சும்மா நின்றது.

"கரண்டு இல்லியா?"

"உண்டே."

"பின்ன ஃபேன் போட்டா என்ன?"

"சும்மாதான் மக்கா" என்றாள்.

நான்தான் சுவிட்சைப் போட்டேன். அவள் ஊசியில் நூல் கோத்தாள். எனக்கு அப்போது ஓட்டு நினைப்புதான். எத்தனை ஓடு கீறியிருக்கிறது, ஆசாரி பட்டியல் அடித்து முடிக்க எத்தனை நாளாகும் என்று பேசிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை ரயிலிறங்கி வீட்டுப் பக்கம் வந்தால், முற்றம் முழுக்க ரத்தச் சிவப்பு. முதலில் என்னவென்றே புரியவில்லை. எங்கள் ஓடுகள் அத்தனையும் ஈரப் பெயின்டோடு வெயிலில் பரந்து கிடந்தன. கார் கழுவுகிற ஒருவன் தன் பம்பைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, கையில் பிரஷோடு, வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"பாக்க எங்கன இருக்கு? பாசியெல்லாம் பறந்து போச்சி பாத்தியா! அரமணை ஓடு தோத்துப் போவும்!"

"அய்யோ, அண்ணா! ஆரு இதச் செய்யச் சொன்னா?"

"கறுத்துக் கிடந்ததுல்லா... அக்காக்குப் புது வீடு மாதிரி இருக்கட்டும்னு..."

அவன் முகம் சுருங்கியது. எனக்கு அதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, கோபத்தை விழுங்கவும் முடியவில்லை. ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான். பழைய ஓடு என்றால் உடனே பம்பு, உடனே மெரூன் பெயின்ட். ஆனால் ஓட்டுக்குத் தோல் உண்டு. சூளையில் வேகும்போது மேலே இறுகி நிற்கிற மெல்லிய படலம் அது. மழையை வழித்து விடுவது அதுதான். பம்பு பீய்ச்சும் வெள்ளம் பாசியோடு சேர்த்து அதையும் உரித்துவிடும். போதாததற்குப் பெயின்ட் ஒழுகி விளிம்புப் பள்ளங்களில் எல்லாம் கட்டி பிடித்திருந்தது. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து அடுக்கும் அந்தப் பக்கத்து அடுக்கும் எங்கே என்று பார்த்தேன். கழுவுகிற வசதிக்கு இரண்டையும் சேர்த்துக் கலந்துவிட்டிருந்தான்.

"ரெண்டும் ஒரே ஓடுதானே?" என்றான் பாவமாக.

நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. பந்தயம் போட்டவனே கூரையைக் கெடுத்துவிட்டான். அதுவும் பாசத்தில் கெடுத்திருக்கிறான். இவனோடு எப்படிச் சண்டை போடுவது?

திங்கட்கிழமை மேஸ்திரி ஓடு போட ஏறினார். முதல் வரிசை சரியாகப் போனது. இரண்டாம் வரிசையில் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தார். "இது ஏறி உக்கார மாட்டங்கு! நிறமும் ஒண்ணாக்கி வச்சா எது எதுன்னு நான் எங்கன கண்டு பிடிப்பேன்?" என்று மேலிருந்தே கத்தினார். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழைகிற இடைவெளி. அன்று காலை பேப்பரில், கேரளத்தை மழை நெருங்கிவிட்டதாகப் போட்டிருந்தது. நான் லீவு போட்டுவிட்டு அண்ணனோடு அங்கேயே நின்றேன். மேற்கே மேகம் ஏறி ஏறி வந்தது. கூரை, மேலே வெறும் பட்டியல்களோடு எலும்பெடுத்து நின்றது.

அப்போதுதான் கூரையில்லாத அடுக்களையிலிருந்து அக்கா சாயா டம்ளர்களோடு வந்தாள். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஓட்டை எடுத்தாள். கவிழ்த்தாள். அடிப்பக்கம் பெயின்ட் இல்லை. பழைய மண் நிறத்தில் நடுவே ஒரு சங்கு முத்திரை பதிந்திருந்தது.

"சங்கு முன்னறைக்கு" என்றாள். இன்னொன்றை எடுத்தாள். அதில் பூ. "பூ அடுக்களைக்கும் சாய்ப்புக்கும்."

"இது ஒனக்கு எங்கன தெரியும்?" என்றான் அண்ணன்.

"இத்தர வருசமா மல்லாந்து கிடந்து நான் வேற என்னத்தப் பாத்தேன்?"

அவள் சொன்னது நிஜம். மச்சு, உள்கூரை எதுவும் இல்லாத வீட்டில் படுத்தால் தெரிவது ஓட்டின் வயிறுதான். கம்பெனி முத்திரையை வைத்திருப்பதும் அங்கேதான். நானும் அண்ணனும் அதே கூரைக்குக் கீழேதான் வளர்ந்தோம். எங்களுக்கு ஞாபகம் இல்லை.

பிறகு நடந்தது ஒரு திருவிழா வேலை. ஒவ்வொரு ஓடாகக் கவிழ்த்துச் சங்கு, பூ என்று பிரித்தோம். பள்ளத்தில் கட்டிய பெயின்டை ஆக்சா பிளேடால் சுரண்டினோம். சுரண்டியதும் ஓட்டின்மேல் ஒரு மக் தண்ணீர் விட்டு, அடியில் கை வைத்துப் பார்ப்பேன். வயிறு ஈரித்தால் தோல் போய்விட்டது என்று அர்த்தம், அது வீட்டுக் கூரைக்கு ஆகாது, மாட்டுத் தொழுவத்துக்குத்தான். அண்ணன் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து சுரண்டினான். பூவைச் சங்கோடு வைப்பான். அக்கா எடுத்து மாற்றி வைப்பாள். அண்ணன் பெண்டாட்டி, எங்கள் மைனி, சாயங்காலம் வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் எல்லோரையும்விட வேகமாகச் சுரண்டியது அவள்தான். அந்த மாடி அறையை வேறு எதற்கோ எடுக்க அவளுக்கும் யோசனை இருந்திருக்கும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தோல் போன சங்கு ஓடுகளுக்குப் பதில் ஓடு வேண்டும். அருமனை ரோட்டுக் கடைகளில் இறங்கி ஒவ்வொரு அடுக்காகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு கடைக்காரர், "பெயின்ட் அடிச்சது தரட்டா, பாக்க நல்லா இருக்கும்" என்றார். நான் பார்த்த பார்வையில் அவர் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். கடைசியில் இடித்த பள்ளிக்கூடம் ஒன்றின் ஓடுகளில் சங்கு கிடைத்தது. கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வந்து, மீதியை வாசல் சுவரோரம் அடுக்கி வைத்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி முகட்டு ஓட்டை வைத்துச் சாந்து பூசிவிட்டு மேஸ்திரி இறங்கினார். முன்னறைக் கூரையில் மெரூனும், கடையில் வாங்கிய பழைய கறுப்பும் மாறி மாறித் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. எனக்கு அழகைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அக்கா அன்றே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சாந்து காயட்டுமே என்றேன், கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை வந்தது. சும்மா மழை இல்லை. முதலில் காற்று அடித்துத் தென்னைகளைக் கீழே வளைத்தது, பிறகு கொட்டியது. மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு அண்ணன் குடையோடு வந்திருந்தான். வந்தவன் முன்னறை நடுவில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முகத்தை மேலே தூக்கினான். அக்கா பழுது பார்த்த மெஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு சங்காகப் பார்த்தேன். மூலையில் ஒன்று இருட்டாகத் தெரிந்தது, ஈரமா நிழலா என்று தெரியவில்லை. சாமி, இந்த ஒரு மழை போகட்டும், இந்த ஒரு மழை மட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மழை இன்னும் வலுத்தது. ஓட்டின்மேல் விழுகிற இரைச்சலில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. நான் மூச்சு விட ஆரம்பித்தேன். ஒழுகவில்லை, பாரேன், ஒழுகவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அண்ணனின் காலடியில், சிவப்புத் தரையோட்டில், ஒரு பொட்டு அளவுக்கு ஈரம் விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அதே இடத்தில் இன்னொன்று விழுந்தது.

"ஒழுகுது" என்றான்.

"முதல் மழையில்லா அண்ணா! ஓடு ஒண்ணோடொண்ணு அமரணும், ரெண்டு மழ நனஞ்சா செரியாவும், சாந்துகூட இன்னும் காயல்ல..." எனக்கு நாக்கு குழறியது.

"பேச்சுன்னா பேச்சுதான். நீ தானே சம்மதிச்ச?" அவன் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை, நடுக்கம்தான் இருந்தது. "இண்ணைக்கு வெள்ளம் விழுது. நாளைக்கு ஓடு விழும். அன்னைக்கு மாதிரி அவ சாயா போடப் போயிருப்பான்னு என்ன நிச்சயம்? எனக்கு ராத்திரி ஒறக்கம் இல்ல, தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. எனக்கு ஒருத்திக்குத்தான் பயம் என்று நினைத்திருந்தேன்.

அக்கா மெஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கதவு மூலையில் சாத்தியிருந்த கம்பை எடுத்துவந்து, ஸ்டூல்மேல் ஏறி, ஒழுகுகிற இடத்து ஓட்டின் வயிற்றில் முட்டுக்கொடுத்து மெல்ல மேலே தள்ளி, கொஞ்சம் வலமாக நகர்த்தி, இறக்கினாள். வெள்ளம் தெறித்து அவள் முகத்தில் விழுந்தது. சொட்டு மெதுவானது. நிற்கவில்லை. ஓட்டின் ஓரத்தில் ஒரு கீறல், இப்போது எனக்கே தெரிந்தது.

அவள் ஸ்டூலில் நின்றபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"லே மக்கா, இஞ்ச ஒழுகினா நான் கம்பெடுத்துத் தட்டுவேன். தட்டியும் நிக்கல்லன்னா சட்டிய வைப்பேன். ஒனக்க வீட்டுல வேர்த்துதுன்னா, ஃபேன் போடட்டான்னு நான் ஆருகிட்ட கேக்கணும்?"

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அக்கா... ஆராவது வல்லதும் சொன்னாளா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்ல. ஒனக்க பெண்டாட்டியும் நல்லவதான். எனக்குத்தான் அங்க சுவிட்சுக்குக் கை போவல்ல."

மழை கொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த மாடி அறையும், நின்ற ஃபேனும், அவள் கழுத்தில் ஒட்டிய துணியும் கண்முன் வந்தன. நான் சுவிட்சைப் போட்டுவிட்டு ஓட்டுக் கணக்கு பேசிக்கொண்டிருந்தேன். அண்ணன் தலையைக் குனிந்து காலடியில் பரவிய ஈரத்தையே பார்த்தான். பிறகு எழுந்தான். குடையை எடுக்கவில்லை. போய்விடப் போகிறான் என்று நினைத்தேன். கோபமாகப் போகிறானா, அழப் போகிறானா என்றும் தெரியவில்லை.

அவன் வாசலில் இறங்கி, சுவரோரம் அடுக்கியிருந்த மீதி ஓடுகளின் பக்கத்தில் கொட்டுகிற மழையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காதோடு வைத்தான். அதைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துத் தட்டினான். கவிழ்த்தான். வயிற்றை உள்ளங்கையால் துடைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான்.

"முன்னறைக்குச் சங்குதானே அக்கா?" என்று அங்கிருந்தே கேட்டான்.